சம்பளச் சீட்டில் ஒரு வரி
(வண்ணாரப்பேட்டை குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்புக் கணக்கில் ‘வாழ்வியல் கணிதம்’ என்றொரு இயல் உண்டு. விழுக்காடு, தள்ளுபடி, கூட்டு வட்டி எல்லாம் அதில் நடத்துகிறோம். ஆனால் நம் சம்பளத்திலும், நம் மாணவர்களுடைய பெற்றோரின் சம்பளத்திலும் ஓய்வுக்காலத்துக்கென மாதந்தோறும் பிடிக்கப்படும் விழுக்காடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? இன்று அதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் ஒரு பாடம். அங்கே மின்வாரிய ஊழியர்களின் வைப்பு நிதியை அறக்கட்டளைகள் நிர்வகித்து வந்தன. 2017-18 காலத்தில் அந்த நிதியிலிருந்து 4,100 கோடி ரூபாய்க்கு மேல் ‘திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ்’ என்ற தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் வைப்பாகப் போடப்பட்டது. 2019-இல் அந்த நிறுவனம் தள்ளாடியது. பணத்தைத் திருப்பித் தர நீதிமன்றத் தடையும் வந்தது. 2,200 கோடிக்கு மேல் சிக்கிக்கொண்டது. விதிகளை மீறி முதலீடு செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில் அதிகாரிகள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. ஊழியர்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகு, அரசு பொறுப்பேற்பதாக உறுதியளித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் ஊழியர்களுடையது. அது எங்கே போடப்படுகிறது என்பது மட்டும், சிக்கல் வெளியே வரும்வரை அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள் தவறினால், அடுத்து கேட்க வேண்டியவர் பணத்துக்குச் சொந்தக்காரர். அவரும் கேட்காதபோது கேட்பதற்கு ஆளே இல்லாமல் போகிறது.

நம் கதைக்கு வருவோம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தோம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடித்தம். அந்தத் திட்டத்தில் அரசும் அதே அளவு செலுத்தி வந்தது. எந்த ஓய்வூதியத் திட்டம் நல்லது என்ற விவாதத்துக்குள் இன்று நான் போகவில்லை. எந்தத் திட்டமானாலும் பிடித்த தொகை நம் பெயரில் வரவாக வேண்டும். ‘மிஸ்ஸிங் கிரெடிட்’ என்று நாம் சொல்லும் விடுபட்ட வரவு யாருக்கும் புதிதல்ல. மாறுதலில் வேறு ஒன்றியத்துக்குப் போன மாதம், கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறிய மாதம், நிலுவைத் தொகை பிடித்த மாதம் எனக் காரணங்கள் பல. அந்த ஆண்டே கண்டுபிடித்தால் ஒரு விண்ணப்பத்தோடு முடியும். ஓய்வுபெறும் ஆண்டில் கண்டுபிடித்தால், இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலைத் தேடி அலைய வேண்டும். ஆசிரியர் பணியிலேயே இறந்துவிட்டால் அந்த அலைச்சல் குடும்பத்துக்கு.

நம் பிள்ளைகளின் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும், கன்டெய்னர் யார்டுகளிலும், ஆலைகளிலும் ஒப்பந்தத் தொழிலாளிகள் ஏராளம். என் மாணவி ஒருத்தியின் தந்தைக்கு மாதந்தோறும் பி.எஃப். பிடித்தார்கள். பாஸ்புக்கைப் பார்த்தபோது 11 மாதங்களுக்கு வரவே இல்லை. சம்பளச் சீட்டுகளை அவர் எறியாமல் வைத்திருந்ததுதான் புகார் கொடுக்கக் கைகொடுத்தது.

இதை வகுப்பிலேயே கணக்காகத் தரலாம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். தொழிலாளி பங்கு 12 விழுக்காடு, 1,800 ரூபாய். முதலாளி பங்கும் 1,800, அதில் சம்பளத்தின் 8.33 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,250 ரூபாய், ஓய்வூதியத்துக்கு. மீதி 550 வைப்பு நிதிக்கு. ஆக, வைப்பு நிதியில் மாதம் 2,350 ரூபாய் ஏற வேண்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும் என்பது விதி. ‘உமங்’ செயலியில் பாஸ்புக்கைப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை அப்பாவுக்கு இதைப் பார்த்துச் சொல்லும். பணியில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்கு 7 இலட்சம் ரூபாய் வரை காப்பீடும் இந்த நிதியோடு சேர்ந்தது என்பதையும் அந்தப் பெற்றோர் அறிய வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஆண்டுக்கு ஒருமுறை நம் கணக்குச் சீட்டை, ‘களஞ்சியம்’ செயலியில் உள்ள சம்பளச் சீட்டோடு மாதம் மாதமாக ஒப்பிடுவோம். குறை இருந்தால், பணம் பெற்று வழங்கும் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுவோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பி.எஃப். பாஸ்புக் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குவோம்.

கணக்குக் கேட்பது யாரையும் சந்தேகிப்பது ஆகாது. உழைத்தவருக்குள்ள உரிமை அது. அதை நாம் செய்து காட்டினால் பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.