நீத்தார் பெயர் சொல்லும் நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மகிழ்ச்சிக்குரிய நாள். ஆடலும் பாடலும் நாடகமும் நிகழவிருக்கும் இம்மேடையில், இறந்தோரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். நம் முன்னோர் நீத்தாரை நினைப்பதை மங்கலம் குன்றிய செயலாகக் கருதியதில்லை. இல்லறத்தான் பேண வேண்டியவர் ஐவர் என்று எண்ணிய திருவள்ளுவர், அவ்வரிசையில் தென்புலத்தாரை முதலில் வைத்தார். தெய்வமும், விருந்தும், சுற்றமும், தானும் அதற்குப் பின்னரே வருகின்றன. வீட்டில் திருமணம் வரும்பொழுது, வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் பூவாடைக்காரிக்குப் புதுப்புடவை வைத்துப் படைக்கின்றன அல்லவா? அவள் யார்? அக்குடும்பத்தில் பிறந்தோ வாழ்க்கைப்பட்டோ மறைந்துபோன ஒரு பெண். வாழ்த்த வேண்டியவர்களுள் முதல்வியாக அவளை அழைத்த பின்னரே மணப்பந்தலில் மேளம் ஒலிக்கிறது.

ஆகவே மகிழ்ச்சி நாளில் மறைந்தோரை நினைப்பது நம் மரபுக்கு மாறன்று என்று துணிந்தே பேச வந்தேன்.

நமது நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் தொழில் நிமித்தமாகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து சேர்ந்தவர்கள் நாம். பிறந்த ஊரில் இருந்தபொழுது இறந்தோரை நினைக்கத் தனி முயற்சி வேண்டியிருக்கவில்லை. பாட்டன் வெட்டிய கிணறும், பாட்டி வைத்த வேப்பமரமும் கண்ணெதிரே நின்றன. ஆற்றங்கரையும் குலதெய்வக் கோயிலும் நினைவூட்டின. ஊர்ப் பெரியவர் ஒருவர் நம்மைக் கண்டால், "நீ இன்னாருடைய பேரன் அல்லவா?" என்று கேட்பார். இக்காலனியில் நம் குழந்தைகளை அப்படிக் கேட்பார் எவருமில்லை. வீட்டு எண்ணும் தெருப் பெயரும் அவர்களுக்குத் தெரியும். கொள்ளுப்பாட்டன் பெயர் தெரிவதில்லை.

சென்ற மகாளய அமாவாசையன்று நம் காலனிக் குடும்பங்கள் சில ஒரு பேருந்தை அமர்த்திக்கொண்டு, திருப்பதியிலுள்ள கபில தீர்த்தத்திற்குச் சென்று வந்தோம். புரட்டாசியை ஒட்டிவரும் தேய்பிறைப் பதினைந்து நாட்களே மகாளய பட்சம் என்பது பெரியோர் பலரும் அறிந்தது. தையிலும் ஆடியிலும் வரும் அமாவாசைகளைப் போலவே, இப்பட்சத்தின் முடிவில் வரும் அமாவாசையும் நீத்தார் கடனுக்குச் சிறந்த நாள்.

கபில தீர்த்தம் திருமலையின் அடிவாரத்தில் அமைந்தது. மலையுச்சியிலிருந்து விழும் அருவி நேரே குளத்தில் வந்து சேர்கிறது. கரையில் கபிலேசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். வைணவர்கள் இதனை ஆழ்வார் தீர்த்தம் என்றும் வழங்குவர். சைவர்க்கும் வைணவர்க்கும் பொதுவான அந்நீர்த்துறையில் தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் அருகருகே அமர்ந்து எள்ளும் நீரும் இறைத்தனர். மொழி வேறு, நீட்டிய கை ஒன்றே.

அங்கே நான் கண்ட ஒன்றை இவ்வவையில் சொல்லியாக வேண்டும். தருப்பணம் செய்விப்பவர் தந்தை பெயரைக் கேட்டார், எல்லாரும் சொன்னார்கள். பாட்டனார் பெயரைக் கேட்டார், பெரும்பாலோர் சொன்னார்கள். முப்பாட்டனார் பெயரைக் கேட்டபொழுது பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தாய்வழிப் பாட்டியின் தாயார் பெயரைக் கேட்டபொழுது அநேகமாக எல்லாரும் வாய் திறவாமல் இருந்தனர். தந்தையை வசுவாகவும், பாட்டனை உருத்திரனாகவும், முப்பாட்டனை ஆதித்தனாகவும் கருதும்படி சாத்திரம் சொல்கிறது. பெயர் தெரியாதவிடத்து அந்த வடிவத்தைச் சொல்லிச் சடங்கை நிறைவு செய்து விடலாம். கடமை முடிந்துவிடும். ஆனால் நம்மைத் தோளில் சுமந்தவர்களைச் சுமந்த அம்மனிதர்க்கு ஒரு பெயர் இருந்ததே, அப்பெயர் எங்கே போயிற்று?

அன்று நம்முடன் வந்திருந்த முதிய தாயார் ஒருவர், படிக்கட்டின் ஓரத்தில் ஒதுங்கி நின்றார். அவருக்கு மகன் இல்லை. ஏழு வயதில் அம்மை கண்டு இறந்துபோன தம் தங்கையின் பெயரை யாராவது சொல்வார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்குழந்தைக்கு வழித்தோன்றல் ஏது? பெற்றோரும் மறைந்துவிட்டனர். இவ்வுலகில் அவளை நினைப்பவர் இந்த அக்காள் ஒருத்தியே. மகாளய தருப்பணத்தில் காருணிக பித்ருக்கள் என்றொரு வகை உண்டு. சிற்றப்பன், அத்தை, மாமன், உடன்பிறந்தோர், ஆசிரியர், நண்பர் என்று நம் அன்புக்குரியோர் அனைவரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். எங்களில் ஒருவர் அக்குழந்தையின் பெயரைச் சொல்லி நீர் விட்டார். அத்தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அறுபத்தைந்து வருஷமாயிற்று, அவள் பேரை இன்னொருவர் வாயால் கேட்டு" என்றார். அன்றைய பயணத்தின் பயன் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

சுமங்கலியாக மறைந்தோரை நினைக்க இதே பட்சத்தில் அவிதவா நவமி என்று ஒரு நாளையே முன்னோர் தனியே ஒதுக்கினர். எவரையும் விட்டுவிடலாகாது என்பதே அவர்கள் கருத்து. விட்டுவிடுவது நம் மறதியே.

நம் குழந்தைகளுக்கு இது எளிதில் விளங்க, கடல் கடந்த நாடொன்றின் வழக்கத்தைச் சொல்கிறேன். அமெரிக்கக் கண்டத்து மெக்சிகோ நாட்டில் ஆண்டுதோறும் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இறந்தோர் திருநாள் கொண்டாடுகின்றனர். ஸ்பானியர் வருகைக்கு முன்பே அந்நாட்டுப் பழங்குடியினரிடம் இருந்த நீத்தார் வழிபாடும், பின்னர் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் ஆன்மாக்கள் நினைவு நாளும் கலந்து உருவான விழா அது. முதல் நாள் குழந்தைகளாய் இறந்தோர்க்கும், மறுநாள் பெரியவர்களாய் இறந்தோர்க்கும் உரியது. வீட்டில் ஒரு படையல் மேடை அமைத்து, மறைந்தோரின் படங்களை வைக்கிறார்கள். நெடுவழி வந்தவர் தாகம் தணியத் தண்ணீர், உப்பு, ரொட்டி, அவரவர் விரும்பிய பண்டம், மெழுகுவர்த்தி, சாம்பிராணி போன்ற நறும்புகை ஆகியவை அங்கே இடம் பெறுகின்றன. பாட்சுகுவாரோ ஏரியின் நடுவிலுள்ள ஹனிட்சியோ தீவில் குடும்பங்கள் இரவெல்லாம் கல்லறைகளருகே விளக்கேற்றிக் கண்விழித்திருக்கின்றன. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வழக்கத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வாசலிலிருந்து படையல் மேடை வரையில் அவர்கள் இதழ் தூவி வழி காட்டும் மலர் எது தெரியுமா? நாம் செண்டுமல்லி என்றும், துலுக்கச் சாமந்தி என்றும், இங்குள்ள தெலுங்கு மக்கள் பந்திப்பூ என்றும் சொல்லும் அதே மஞ்சள் மலர்தான். அதன் தாயகமே மெக்சிகோ. ஐரோப்பியக் கடலோடிகளின் காலத்திற்குப் பின் இந்நாட்டிற்கு வந்து, இன்று திருப்பதிக் கடைத்தெருவில் முழம் முழமாக விற்கிறது. அதுவும் நம்மைப் போல் பிறந்த மண் விட்டு வந்து, புகுந்த மண்ணில் வேரூன்றிய மலரே!

2017ஆம் ஆண்டில் வெளிவந்த கோகோ என்னும் திரைப்படத்தைக் குழந்தைகள் பலர் பார்த்திருப்பார்கள். இறந்தவரை உயிரோடிருப்பவருள் ஒருவரேனும் நினைக்கும் வரையில் அவர் மறுவுலகில் வாழ்கிறார். கடைசி நினைவும் அழியும்பொழுது அவர் முற்றிலும் மறைகிறார் என்பதே அக்கதையின் கரு. கபில தீர்த்தப் படிக்கட்டில் நின்ற தாயார் அப்படத்தைப் பார்த்தவர் அல்லர். ஆயினும் அதன் பொருளை அறுபத்தைந்து ஆண்டுகளாக அறிந்திருந்தார்.

மெக்சிகோவிலிருந்து நாம் கொள்ள வேண்டிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. அதன் தலைநகரில் 2016ஆம் ஆண்டு முதல் நடைபெறும் பெரிய அணிவகுப்பு பழைய மரபன்று. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் கற்பனையாகக் காட்டப்பட்ட ஊர்வலத்தைப் பார்த்தே அது தொடங்கப்பெற்றது. வேடிக்கை பார்ப்போர் திரளுகின்றனர். ஊர்வலம் காண இனிதுதான்; ஆனால் அதில் என் பாட்டி பெயரைச் சொல்வார் யார்? நீத்தார் நினைவு வீட்டிலும் கல்லறையிலும் நீர்த்துறையிலுமே உயிர் வாழ்கிறது. நம் கூட்டுப் பயணமும் வெறும் உல்லாசப் பயணமாக மாறிவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

ஊரை விட்டு வந்தோம். இறந்தோரை எங்கே நினைப்பது என்று கேட்பவர்க்கு இந்த மண்ணே விடை தருகிறது. சோழ மன்னன் முதலாம் ஆதித்தன் கி.பி. 907 அளவில் மறைந்தான். அவன் உயிர் நீத்தது காவிரிக் கரையில் அன்று. தொண்டைமானாற்றூர் என்று கல்வெட்டுகள் கூறும் ஊரில், திருக்காளத்திக்கு அருகே அவன் துஞ்சினான். அவன் மகன் முதலாம் பராந்தகன் அவ்விடத்திலேயே ஆதித்தேசுவரம் என்னும் பள்ளிப்படைக் கோயிலை எடுத்தான். விழா நாட்களில் அந்தணர்க்கும் பல சமயத் தவசியர்க்கும் உணவளிக்க அங்கே அறக்கட்டளையும் அமைத்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். சித்தூருக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லைக்குள், பொன்னை என்றும் நீவா என்றும் வழங்கும் ஆற்றின் கரையில் மேல்பாடி என்னும் ஊர் இருக்கிறது. ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சய சோழனுக்கு அவன் பேரன் முதலாம் இராசராசன் அங்கே பள்ளிப்படை எழுப்பினான். தஞ்சையில் பெருங்கோயில் எடுத்த மாமன்னன், தொலைவில் மறைந்த பாட்டனை மறக்கவில்லை. காவிரி நாட்டார் இம்மண்ணில் தம் முன்னோரை நினைத்து வணங்கியது ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வழக்கம். ஆட்சி எல்லைகள் பலமுறை மாறின. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனைக்கும் நடுவே அக்கற்கள் அந்தப் பெயர்களைச் சுமந்து நிற்கின்றன.

நமக்குக் கற்றளி எடுக்கும் வலிமை இல்லை. ஒரு பெயரேடு எழுதும் வலிமை உண்டு. ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறையினர் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும், செய்த தொழிலையும் எழுதித் தருக. பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். குழந்தையாய் இறந்தவர், மணமாகாமல் மறைந்தவர், பிள்ளையின்றிப் போனவர் ஆகியோரையும் சேருங்கள். தெரியாத பெயரை ஊரிலிருக்கும் முதியோரிடம் இப்பொழுதே கேளுங்கள். அம்முதியோரும் நெடுங்காலம் இருக்கப்போவதில்லை. அவ்வேட்டைச் சங்கம் பாதுகாக்கட்டும்.

இரண்டாவது, ஆண்டுதோறும் மகாளய அமாவாசையன்று சங்கத்தின் சார்பில் பயணம் செல்வோம். காலையில் கபில தீர்த்தம், பின்னர் காளத்தி, அதன் அருகே பராந்தகன் எடுத்த பள்ளிப்படை. குழந்தைகளை அவசியம் அழைத்து வாருங்கள். மாலையில் காலனிக்குத் திரும்பியதும், பெயரேட்டிலுள்ள பெயர்களைக் குழந்தைகளே உரக்கப் படிக்கட்டும். அதன்பின் எல்லாரும் சேர்ந்து உண்போம்.

மூன்றாவது, நம்முள் கிறிஸ்தவ அன்பர்கள் இருக்கிறார்கள். இஸ்லாமிய அன்பர்களும் இருக்கிறார்கள். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றும்பொழுது நாமும் உடன் நிற்போம். பராஅத் இரவில் அடக்கத்தலம் சென்று இறைஞ்சுவோரின் முன்னோர் பெயர்களும் நம் ஏட்டில் இடம் பெறட்டும். சடங்கு அவரவர்க்கு உரியது. பெயரை மறவாமை நம் எல்லார்க்கும் பொது.

செலவு மிகுதியில்லை, ஒரு குறிப்பேடும் ஒரு பேருந்தும் போதும். காலமோ குறைவு. அந்த முதிய தாயார் இன்னும் நம்மோடு இருக்கிறார். அவர் இருக்கும்பொழுதே ஏட்டின் முதற் பக்கத்தில் அவர் தங்கையின் பெயரை எழுதிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.