எண்ண வேண்டியது எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

யான் மிஷன் பாடசாலையிற் படித்து, இப்பொழுது வவுனியாவிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவன். "படிப்பு முடிய என்ன செய்யப் போகிறாய், தம்பி?" என்று செயலாளர் அண்ணர் கேட்டார். "சுகாதாரத் தகவல் தொழினுட்பத்தில் இறங்கப் போகிறேன்" என்றேன். "அப்படியென்றால் அதை மேடையில் வந்து சொல்லு" என்று பிடித்துக்கொண்டார். ஆகவே என் பேச்சிற் குற்றமிருந்தால் பாதி அவருக்குச் சேரும்.

என் ஊர் அரிப்பு. அருவியாறு கடலோடு கலக்கும் இடம். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் எங்கள் கடலோரத்தில் நிற்கிறது. 1905ஆம் ஆண்டு, எங்களுக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியிற் பாளையமிட்டு நடத்திய குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்று கணக்கிருக்கிறது. அத்தனை சிப்பியையும் எண்ணினார்கள், பங்கிட்டார்கள், எழுதிவைத்தார்கள். அதிலே பணம் இருந்தது. ஆனால் நூறு வருஷம் கழிந்த பின்னும், என் அம்மம்மாவின் உடம்பைப் பற்றிய ஒரேயொரு வரியை எழுதிக் காப்பாற்ற நம்மால் முடியாமற் போயிற்று.

அம்மம்மாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. ஒரு டாக்குத்தர் இதை அவருடைய கிளினிக் கொப்பியிலே சிவப்பு மையால் எழுதிக் கொடுத்திருந்தார். 2007ஆம் ஆண்டு முசலிப் பகுதிச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது அந்தக் கொப்பியும் போயிற்று. சில வருஷங்களின் பின் காலிற் புண்ணும் காய்ச்சலுமாக அவரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "ஏதாவது மருந்து ஒத்துவராதா, ஆச்சி?" என்று தாதி கேட்டார். "ஏதோ ஊசி, பிள்ளை. பேர் தெரியாது" என்றார் அம்மம்மா. ஊசி போடப்பட்டது. சிறிது நேரத்திலே முகம் வீங்கி மூச்சு முட்டியது. அங்கிருந்த டாக்குத்தரும் தாதிமாரும் ஓடியாடி உயிரைக் காப்பாற்றினார்கள்.

அன்பர்களே, இதிலே யார்மேற் குற்றம்? தாதி கேட்டார்; கிழவி தெரிந்ததைச் சொன்னார். அறிவு இல்லாமற் போகவில்லை. இருந்த இடத்திலிருந்து வேண்டிய இடத்துக்கு வந்து சேரவில்லை. அப்படி வந்து சேரச் செய்வதுதான் நான் சொல்லும் இந்தத் தொழில். கணினி பழுது பார்ப்பதென்று பலர் நினைக்கிறார்கள், அதுவன்று. நோயாளியின் வரலாறு தொலையாமலும், பிறர் கையிற் சிக்காமலும், மருத்துவர் கேட்ட கணத்தில் அவர்முன் நிற்கும்படி செய்வதே இதன் வேலை.

சொல்ல எளிது, செய்ய அரிது. ஒருவர் "சீனி வருத்தம்" என்பார். மற்றவர் "சலரோகம்" என்பார். பத்திரிகை "நீரிழிவு" என்று எழுதும். மனிதருக்கு மூன்றும் ஒன்று, இயந்திரத்துக்கு மூன்று. ஆகையால் உலக சுகாதார ஸ்தாபனம் நோய்களுக்குக் குறியீடு வகுத்திருக்கிறது. அதன் பத்தாந் திருத்தத்தில், பெரியவர்களிடம் சாதாரணமாகக் காணும் நீரிழிவுக்கு "ஈ 11" என்று பெயர். சண்முகம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். கவனியாவிட்டால் ஒரு சண்முகம் நாலு நோயாளியாகிவிடுவார். ஊர்ப் பேச்சும் பெயர் வழக்கும் தெரிந்த நம் பிள்ளைகள் இத்துறைக்கு வேண்டியவர்கள் என்பது இதனாலேதான்.

எண்ணிக்கை தவறினால் என்ன நேரும் என்பதை மலேரியாவைக் கேட்டறியலாம். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர்தான். "ஒழிந்தது பீடை" என்று மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர்! பின்னர் விடாமற் பாடுபட்டு, ஒவ்வொரு நோயாளியையும் பதிந்து, அவர் எங்கிருந்து வந்தார், எங்கே தங்கினார் என்று விசாரித்துத் தொடர்ந்ததன் பலனாக, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா அற்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்கு நற்சான்று வழங்கியது. ஆனால் மறு வருஷமே, நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பினம் ஒன்று இந்நாட்டில் முதன்முதல் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எங்கே தெரியுமா? நமது மன்னார்த் தீவிலே! காவற்காரன் உறங்கக்கூடாத வாசல் நம்முடையது.

இத்துறையில் நம் நாடு பிறர்பின் நிற்கும் நாடுமன்று. 2020 சனவரியில் கொரோனா வந்தபோது, ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தார் வளர்த்த "டி.எச்.ஐ.எஸ். 2" என்னும் மென்பொருளைக் கொண்டு, விமானத்தில் வந்திறங்குவோரைத் தொடர்ந்து கவனிக்கும் முறையொன்றை இலங்கையர் விரைந்து அமைத்தனர். அதைப் பின்பற்றிப் பல நாடுகள் தம் முறைகளை அமைத்துக்கொண்டன.

இனிப் படிப்பைச் சொல்கிறேன். கம்பகா விக்கிரமாராச்சி சுதேச வைத்தியப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்றே பட்டநெறி உண்டு. மருத்துவரானவர்கள் கொழும்பிலே பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் உயிர்மருத்துவத் தகவலியல் கற்கலாம். என்னைப்போல் தகவல் தொழினுட்பம் கற்று இப்பக்கம் திரும்புவோரும் உண்டு. வீட்டில் ஒரு டாக்குத்தர் வேண்டுமென்பது என் அப்பாவின் ஆசை. எனக்கு வந்ததோ கணிதம். அவருடைய மனக்குறை இன்னும் முற்றாகத் தீரவில்லை. ஆயினும் அம்மம்மாவின் கதையை நினைவூட்டியபோது, "சரி, அதையாவது ஒழுங்காய்ச் செய்" என்றார். அதையே ஆசீர்வாதமாகக் கொண்டேன்.

"எங்கள் வருத்தமெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடாதா?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலை விசேட காவலுக்குரியதாக வைத்திருக்கிறது. ஆனாற் சட்டம் மட்டும் போதாது. ஒரு குமர்ப்பிள்ளையின் நோய் விவரம் கணினித் திரையில் தெரியும்போது, அதைப் பார்த்தவன் வாய் திறவாதவனாக இருக்க வேண்டும். அந்த ஒழுக்கத்தைக் கணினி கற்பிக்காது. வீடும் இத்தகைய சங்கங்களுமே கற்பிக்க வேண்டும்.

1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மிஷன் மருத்துவர் கிறீன், மானிப்பாயிலே நம் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். கடல்கடந்து வந்தவர் அவ்வளவு செய்தார். நம் தாய்மார் தம் நோயின் பெயரைத் தம் மொழியில் அறிந்துகொள்ளும்படி நாம் இவ்வளவாவது செய்யக்கூடாதா?

தோழர்களே, முடிப்பதன்முன் ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டன் பாட்டியிடம், எந்த மருந்து ஒத்துவராது, என்ன வருத்தம், எப்பொழுது தொட்டு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். கணினி பிறகு வரட்டும். தொழில் அந்தத் தாளிலேயே தொடங்கிவிடும். சிப்பியை எண்ணிய கரை இது. இனி மனிதரை எண்ணுவோம்.