அநுபூதியும் சித்தும்



மனிதனுடைய புலன்களுக்கு எட்டும் உலகம் ஒன்று. அவற்றிற்கு எட்டாததாய், ஆயினும் உண்டென்று அவன் உள்ளம் ஓயாது உணர்த்தும் உலகம் மற்றொன்று. இந்த இரண்டாவது உலகை நாடிச் செல்வோர் இரு வகையினர். ஒரு வகையினர் அங்குள்ள ஆற்றல்களைத் தம் வசமாக்கிக்கொள்ள விழைவர். மற்ற வகையினர் அதன் முன்னிலையில் தம்மையே இழந்துவிட விழைவர். முன்னவர் செல்லும் வழி மறைவித்தை, சித்து என்னும் பெயர்களால் வழங்கும். பின்னவர் செல்லும் வழி அநுபூதி நெறி எனப்படும். ஆங்கிலத்தில் முன்னதை ஒக்கல்ற்றிசம் என்றும், பின்னதை மிஸ்ரிசிசம் என்றும் அழைப்பர்.

இரண்டும் கட்புலனாகாதவற்றைப் பற்றியன ஆதலின், இரண்டும் ஒன்றே என்று கருதுவோர் பலர். இம்மயக்கத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. ஞானியரிடம் சென்று வழக்கில் வெற்றியும் வாணிகத்தில் இலாபமும் கேட்டு நிற்பது இம்மயக்கத்தின் ஒரு விளைவு. சித்து விளையாடுபவரை ஞானி என்று நம்பி, அறிவையும் பொருளையும் ஒருங்கே அவர் காலடியில் வைத்துவிடுவது அதனிலும் கொடிய மற்றொரு விளைவு. ஆதலின் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் ஏட்டுக் கல்வியோடு நிற்கும் காரியமன்று, வாழ்க்கைக்கு இன்றியமையாதது.

முதலிற் சொற்களை நோக்குவோர்க்கே ஓர் உண்மை புலனாகும். ஒக்கல்ற்றிசம் என்பது, மறைக்கப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. மிஸ்ரிசிசம் என்பது, மூடுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையோடு தொடர்புடையது. கண்ணையும் வாயையும் மூடிக்கொள்ளும் செயலை அது குறிக்கும். மறைவித்தையில் மூடப்பட்டிருப்பது பொருள். அநுபூதியில் மூடிக்கொள்வது மனிதனின் வாய். மறைவித்தைக்காரரின் இரகசியம் சொல்லத்தக்கது. ஆயினும் தகுதி பெற்ற சிலருக்கன்றிச் சொல்லப்படாமற் காக்கப்படுவது. ஞானியின் இரகசியமோ எவரிடமிருந்தும் காக்கப்படுவதன்று. ஊரைக் கூட்டிச் சொல்ல முயன்றாலும் சொல்லுக்குள் அடங்காதது. தாயுமானவர் தம் குருநாதரை மௌனகுரு என்று போற்றியதன் உட்பொருளும் இதுவே. அவருடைய மௌனம் மறைப்பதற்காக ஏற்பட்ட மௌனமன்று.

தமிழ் வழக்கில் இம்மயக்கத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. சித்தி என்ற சொல்லுக்குக் கைகூடுதல் என்பது பொருள். பெறற்கரிய வீடுபேறு கைகூடுவதும் சித்தி. அணிமா, மகிமா முதலிய எட்டு ஆற்றல்கள் கைகூடுவதும் சித்தி. சித்தர் என்ற பெயரும் அவ்வாறே. இரசவாதமும் மருத்துவமும் யோகமும் பயின்றோர் சித்தர் எனப்பட்டனர். உள்ளொளி கண்டு உலகியலைக் கடந்தோரும் சித்தர் எனப்பட்டனர். ஒரே பெயரின் கீழ் இரு வகையினரும் நின்றமையால், கேட்போர் இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கத் தலைப்பட்டனர்.

ஆனால் அந்நூல்களை இயற்றியோர் அவ்வாறு மயங்கினாரல்லர். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்திற்கு விபூதி பாதம் என்று பெயர். முற்பிறப்பை அறிதல், பிறர் கண்ணுக்குப் புலப்படாது மறைதல், யானையின் வலிமை பெறுதல் முதலிய ஆற்றல்களை அந்நூல் வரிசையாகக் கூறிச் செல்கிறது. அவ்வரிசையின் நடுவிலேயே ஓர் எச்சரிக்கையும் வருகிறது. புறத்தே செல்லும் மனத்திற்கு இவை பேறுகளாகத் தோன்றும். சமாதி நிலைக்கோ இவை இடையூறுகள் என்பது அதன் கருத்து. ஆற்றல்கள் இல்லை என்று முனிவர் கூறவில்லை. உண்டு, ஆயினும் வேண்டா என்கிறார்.

பாளி மொழியிலுள்ள தீக நிகாயத்தில் கேவட்டன் என்னும் இல்லறத்தான் ஒருவனின் வரலாறு காணப்படுகிறது. நாளந்தையில் புத்தர் பெருமான் தங்கியிருந்த காலத்தில் அவன் அவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தான். பிக்கு ஒருவரைக் கொண்டு மக்கள் முன்னிலையில் அற்புதம் ஒன்று நிகழ்த்துவித்தால், ஊரார் அனைவரும் பெருமானிடத்து மேலும் பற்றுக்கொள்வர் என்பது அவன் எண்ணம். பெருமான் அதற்கு உடன்படவில்லை. வானிற் பறந்தும் நீரின்மேல் நடந்தும் காட்டினாலும், நம்பிக்கையற்றவன் அதனைக் காந்தாரி என்னும் மந்திரத்தின் வேலை என்று கூறிவிடுவான். ஆதலின் அத்தகைய அற்புதத்தில் தாம் தீங்கையே காண்பதாக அவர் விளக்கினார். மனிதன் தன் உள்ளத்தைத் திருத்திக்கொள்ளும் வண்ணம் அவனுக்கு அறிவுறுத்துவதே மேலான அற்புதம் என்பது அவர் முடிபு. அற்புதம் வியப்பை விளைக்கும். வியப்படைந்தவன் திருந்தியவன் ஆகான். கேவட்டனுக்குப் பெருமான் உணர்த்தியது இதுவே.

இசுலாமிய ஞானியரிடையே இக்கருத்து அழகிய கதையாக வழங்குகிறது. பசுரா நகரத்துப் பெரியாராகிய ஹசன், இராபியா அம்மையாரைக் கண்டபோது, தம் தொழுகை விரிப்பை நீரின்மேல் இட்டு, அதன்மேல் இருந்து தொழ அவரை அழைத்தாராம். அம்மையார் தம் விரிப்பை ஆகாயத்தில் எறிந்து, அங்கே வந்து தொழலாமே என்றாராம். பின்னர், நீரில் மிதப்பதை மீனும் செய்யும், வானிற் பறப்பதை ஈயும் செய்யும். உண்மைப் பணி இவ்விரண்டிற்கும் அப்பால் உள்ளது என்று அறிவுறுத்தினாராம். ஹசன் காலமானது 728 ஆம் ஆண்டில். அம்மையார் காலமானது 801 ஆம் ஆண்டளவில். ஆதலின் இதனை வரலாறாகக் கொள்வது அரிது. ஆயினும் அடியார் வரலாறுகளைத் தொகுத்தோர் இக்கதையைப் போற்றிக் காத்தமை, அந்நெறியினர் எதனைப் பெரிதாக மதித்தனர் என்பதைக் காட்டும்.

கிறித்தவ உலகில் ஸ்பானிய நாட்டு ஞானியாகிய சிலுவை அருளப்பர் இதனை மேலும் நுட்பமாக ஆராய்ந்தார். அவர் வாழ்ந்த காலம் 1542 முதல் 1591 வரை. தியானத்தில் தோன்றும் காட்சிகளையும் கேட்கும் குரல்களையும் பற்றிக்கொள்ளலாகாது என்பது அவர் போதனை. அவை இறைவனிடமிருந்தே வந்தனவாயினும் அவ்வாறே செய்க என்றார். இறைவன் அருளியதாயின் அதன் நற்பயன் அக்கணமே உயிரிற் பதிந்துவிடும்; அதற்குப் பின்னும் காட்சியைப் பற்றி நிற்பவன், கொடுத்தவனை மறந்து கொடையைப் பற்றியவன் ஆவான்.

இங்கே ஐயம் ஒன்று எழலாம். சித்துக்கள் உண்மையா பொய்யா என்று முதலில் ஆராய வேண்டாமா என்று சிலர் வினவக்கூடும். அந்த ஆராய்ச்சி பயனுடையதே. ஆனால் அது வேறு வினா. பிரமஞான சபையின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1875 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் தோன்றிய அச்சபையின் தலைவர்களான பிளவற்ஸ்கி அம்மையாரும் ஒல்கொற் அவர்களும் 1880 ஆம் ஆண்டு மே மாதத்தில் காலித் துறைமுகத்தில் வந்திறங்கினர். 1882 ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னை அடையாறு சபையின் தலைமையிடமாயிற்று. கண்காணா மகாத்மாக்களிடமிருந்து அம்மையாருக்கு வியத்தகு வகையிற் கடிதங்கள் வருகின்றன என்ற செய்தி எங்கும் பரவியது. இலண்டனிலுள்ள உளவாராய்ச்சிக் கழகத்தினர் இதனை விசாரித்து, 1885 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் அது வஞ்சனை என்று முடிவு கூறினர். ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1986 ஆம் ஆண்டில், அதே கழகத்தின் இதழில், அவ்வறிக்கை நடுநிலை பிறழ்ந்தது என்று கையெழுத்து ஆராய்ச்சியில் வல்லார் ஒருவர் எழுதினார்.

எவர் கூற்று மெய்யாயினும் ஆகுக. கடிதங்கள் உண்மையாகவே வானத்திலிருந்து விழுந்தன என்று கொண்டாலும், அவற்றைப் படித்தவருடைய ஆசையும் அச்சமும் செருக்கும் அதனால் ஓர் அணுவேனும் குறைந்துவிடுமா? குறையுமென்று எவரும் கூற இயலாது. சித்து உண்மையானாலும் அது அநுபூதி ஆகாது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அதே அடையாற்றில், இவ்விரு நெறிகளும் ஒரே மனிதரின் வாழ்வில் நேருக்கு நேர் சந்தித்தன. 1895 ஆம் ஆண்டில் மதனப்பள்ளியிற் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி, 1909 ஆம் ஆண்டில் தந்தையாருடன் அடையாறு வந்து சேர்ந்தார். உடல் மெலிந்து, படிப்பிற் பின்தங்கி இருந்த அச்சிறுவனைக் கடற்கரையிற் கண்டவர் லெட்பீற்றர் என்பவர். மனிதரைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டத்தைக் காணும் ஆற்றல் தமக்கு உண்டெனக் கூறியவர் அவர். தன்னலத்தின் நிழலே இல்லாத ஒளியை அச்சிறுவனிடம் கண்டதாக அவர் அறிவித்தார். சபைத் தலைவரான அன்னி பெசன்ற் அம்மையார் சிறுவனைத் தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தார். உலகாசிரியர் ஒருவர் விரைவில் தோன்றுவார், அவர் இவ்விளைஞரின் உடலை இடமாகக் கொள்வார் என்ற நம்பிக்கையின்மேல் 1911 ஆம் ஆண்டில் கிழக்கின் தாரகைச் சங்கம் நிறுவப்பட்டது. கல்விக்கும் இந்திய விடுதலைக்கும் அம்மையார் ஆற்றிய தொண்டு பெரிது. அவருடைய நேர்மையை ஐயுறுவதற்கு இடமில்லை. நேர்மையான நெஞ்சமும் மறைவித்தையின் ஏணியில் ஏறத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதுதான் சிந்தனைக்குரியது.

அந்த ஏணிக்குப் படிகள் பல. ஒவ்வொரு படிக்கும் ஒரு தீட்சை. ஒவ்வொரு தீட்சைக்கும் ஒரு தகுதி. இன்னார் இன்ன படியை எய்தினார் என்பதை மறையுலகிலிருந்து செய்தி பெறுவோர் சிலர் அறிவிப்பர். 1925 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒல்லாந்து தேசத்தில் நடந்த மாநாட்டில், வரவிருக்கும் ஆசிரியரின் முதன்மைச் சீடர்களாக அமையவுள்ளோர் சிலருடைய பெயர்களும் வெளியிடப்பட்டன. கிருஷ்ணமூர்த்தியோ அங்கு இல்லை. கலிபோர்னியாவிலுள்ள ஓஹாய் என்னும் இடத்தில், நோயுற்றிருந்த தம்பி நித்தியானந்தாவின் அருகில் இருந்தார்.

தம்பி பிழைப்பார், அவருடைய பணி இன்னும் முடியவில்லை என்று மகாத்மாக்களின் பெயரால் உறுதி அளிக்கப்பட்டிருந்தது. அதனை நம்பியே கிருஷ்ணமூர்த்தி அவ்வாண்டு நவம்பரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கப்பல் சூயசுக் கால்வாயை அடைந்த வேளையில் தந்தி வந்தது. நவம்பர் 13 ஆம் நாள் தம்பி இறந்துவிட்டார். பல நாட்கள் அவர் துயரத்தால் துடித்தார். ஆறுதல் கூறும் மறையுலகச் செய்திகள் அவருக்கு எத்தனையோ கிடைத்திருக்கலாம். ஆனால் அவர் துயரத்தை மறைக்கும் திரை எதனையும் நாடவில்லை. துயரத்தையே நேரில் நோக்கினார். கப்பலிலிருந்து இறங்கியவர் முன்னைய இளைஞர் அல்லர் என்று உடன் சென்றோர் கண்டனர்.

1929 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் நாள், ஒல்லாந்தின் ஓமன் என்னும் இடத்தில், அன்னி பெசன்ற் அம்மையாரும் மூவாயிரம் உறுப்பினரும் அமர்ந்திருக்க, அவர் தாரகைச் சங்கத்தைக் கலைத்தார். உண்மைக்கு அமைக்கப்பட்ட பாதை கிடையாது; எந்தச் சங்கமும் எந்தக் குருவும் ஒருவனை அங்கே கொண்டுசெல்ல முடியாது; தமக்குச் சீடர் வேண்டா என்பது அவர் உரையின் சாரம். சங்கத்துக்கென்று அளிக்கப்பட்ட கோட்டையையும் நிலத்தையும் அளித்தவர்க்கே திருப்பிக் கொடுத்தார். 1949 ஆம் ஆண்டின் முடிவிலும் 1950 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அவர் கொழும்புக்கு வந்து கூட்டங்களிலும் வானொலியிலும் பேசியபோதும், எதிர்கால அறிவிப்பு எதனையும் கூறவில்லை. கேட்போர் தம்மைத் தாமே அறிய வேண்டும் என்பதையே கூறினார். 1986 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இறக்கும்வரை அதனையே கூறிவந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடம் யாது? மறைவித்தை, "நான்" என்பதை உள்ளவாறே வைத்துக்கொண்டு அதற்கு ஆற்றலையும் பதவியையும் சேர்க்கிறது. அநுபூதியோ அந்த "நான்" என்பதிலேயே கை வைக்கிறது. வீட்டு அதிபதி என்றிருந்தவன் விண்ணுலக அதிபதி ஆனாலும் அதிபதிதான். ஆசையின் எல்லை விரிந்ததேயன்றி ஆசை அற்றுப்போகவில்லை. தாரகைச் சங்கம் கிருஷ்ணமூர்த்திக்கு அளிக்க முன்வந்தது உலகாசிரியர் என்ற பெரும் பதவி. அவர் துறந்ததும் அதனையே. உலகம் முழுவதும் தந்த மகுடத்தை ஒருவர் கழற்றி வைத்த அச்செயலில், எந்தச் சித்தும் காட்டவியலாத ஒன்று வெளிப்பட்டது.

ஆன்மீகத்தின் பெயரால் அழைக்கும் எவரையும் அணுகும்போது நேயர்கள் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். இவர் தருவதாகக் கூறுவது ஆற்றலா, அமைதியா? இவரை அணுகியோர் அச்சம் நீங்கித் தம் காலில் நிற்கின்றனரா, அன்றி நாளுக்கு நாள் இவரையே சார்ந்து மெலிகின்றனரா? இவருடைய போதனையில் மறைத்து வைக்கப்பட்டதும் விலைக்கு விற்கப்படுவதுமாகிய பகுதி உண்டா? இவற்றிற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் வழியைக் காட்டிவிடும்.

நான்காவது வினா ஒன்றும் உண்டு. அது பிறரை நோக்கியதன்று. நாடிச் செல்பவர் தம் நெஞ்சை நோக்கிக் கேட்க வேண்டியது: தேடுவது எதனை? நெஞ்சு விரும்புவது ஆற்றலாயின், உண்மை ஞானியின் முன்னிலையில் இருந்தாலும் அது சித்தையே தேடும். சித்து வேண்டுவோர் இருக்கும்வரை சித்துக் காட்டுவோரும் இருப்பர். மயக்கத்தின் வேர் காட்டுவோரிடத்தில் மட்டும் இல்லை. வேண்டுவோர் நெஞ்சிலும் இருக்கிறது. அந்த வேரைக் கண்டுகொண்டவர்க்கு அநுபூதி நெறியின் முதற்படி அங்கேயே தொடங்கிவிடுகிறது.