கிளப் யாருடைய சொத்து?

(லாஸ்பேட்டையில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் வாலிபர்களும் கூடிய கூட்டத்தில் தோழர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



இன்று கால்பந்து பற்றிப் பேசப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும், ரோடியர் மில்லில் தறி ஓட்டிய பெரியவர் ஒருவர் வழியிலேயே என்னை நிறுத்திவிட்டார். "மில்லுக்குப் பூட்டுப் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. நீ பந்தாட்டம் பேச வந்துவிட்டாயா, தம்பி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நான் திருப்பி ஒன்று கேட்டேன். "ஐயா, 2020 ஏப்ரலில் அந்த மில்லை மூடினார்களே, மூடலாமா என்று உங்களை யாராவது கேட்டார்களா?" பெரியவர் சிரித்தார். "எங்களை எவன் கேட்டான்?" என்றார். "அந்தக் கதையைத்தான் பேசப் போகிறேன், வந்து உட்காருங்கள்" என்றேன். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

கால்பந்து கிளப்பை உண்டாக்கியது யார்? இங்கிலாந்திலே மான்செஸ்டர் என்று ஒரு ஊர். நம்மைப் போலவே நூலும் துணியுமாக வளர்ந்த பட்டணம். அங்கே 1878இல் ரயில் பெட்டி செய்யும் பட்டறைத் தொழிலாளர்கள் வேலை முடிந்த நேரத்தில் ஆட ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். அதன் பெயர் நியூட்டன் ஹீத். இன்று உலகமெல்லாம் தெரிந்த மான்செஸ்டர் யுனைடெட் அதுதான். நம் பையன்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஹெலிபேட் மைதானத்தில் ஓடுகிறார்களே, அந்தச் சட்டைக்குப் பின்னால் இருப்பது பட்டறைத் தொழிலாளியின் வியர்வை.

நம் நாட்டுக் கதை என்ன? கல்கத்தாவில் 1889இல் மோகன் பகான் தோன்றியது. 1911 ஜூலை 29ஆம் தேதி ஷீல்டு இறுதி ஆட்டத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை அது 2-1 என்று தோற்கடித்தது. பதினோரு பேரில் பத்துப் பேருக்குக் காலில் பூட்ஸ் கிடையாது! ஆட்சியில் இருந்தவனை மைதானத்திலாவது மண்ணைக் கவ்வ வைத்தோம் என்று ஜனங்கள் தலைநிமிர்ந்தார்கள். 1920இல் ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது. தேசப் பிரிவினைக்குப் பிறகு வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு, 'நமது' என்று சொல்லிக்கொள்ள அந்தக் கிளப் ஒன்றாவது இருந்தது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இந்த இரண்டு அணிகளும் மோதியபோது கலவரமும் நெரிசலும் ஏற்பட்டு 16 ரசிகர்கள் மாண்டார்கள்.

உயிரையே கொடுத்திருக்கிறான் ரசிகன். அவனுக்குக் கிளப்பில் என்ன உரிமை? டிக்கட் வாங்கும் உரிமை. கூச்சல் போடும் உரிமை. அவ்வளவுதான்.

1998இல் ஒரு வேடிக்கை நடந்தது. யு.பி. மதுபானக் கம்பெனி மோகன் பகான் அணியிலும் பாதிப் பங்கு வாங்கியது, ஈஸ்ட் பெங்கால் அணியிலும் பாதிப் பங்கு வாங்கியது. ஓர் அணியின் பெயருக்கு முன்னால் மெக்டவல், இன்னொன்றின் முன்னால் கிங்பிஷர்! இரண்டும் சாராயப் பெயர். காலரியிலே ரசிகர்கள் பரம விரோதிகள். பணப்பெட்டிச் சாவியோ இரண்டுக்கும் ஒரே கையில். மில்லில் இரண்டு ஷிப்ட்டுக்காரர்களை மோதவிட்டு முதலாளி வேடிக்கை பார்த்ததை இங்கே பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பிறகு 2014இல் ஐ.எஸ்.எல். போட்டி வந்தது. ஊருக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு முதலாளி. அதில் சேர வேண்டுமானால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பழைய கிளப்புகளிடம் பணம் ஏது? 2020இல் மோகன் பகான் அணியின் 80 சதவிகிதப் பங்கு ஆர்.பி.எஸ்.ஜி. கம்பெனியிடம் போயிற்று. கிளப்புக்கு மிச்சம் 20. நூற்றாண்டு கண்ட பெயருக்கு முன்னால், அதுவரை அந்தக் கம்பெனி நடத்திவந்த அணியின் ஏ.டி.கே. என்ற மூன்று எழுத்தை ஒட்டினார்கள்.

ரசிகர்கள் பொறுக்கவில்லை. 'ஏ.டி.கே.யை நீக்கு' என்று கோஷம் எழுப்பினார்கள். தெருவில் நின்றார்கள். மூன்று வருஷம் விடவில்லை. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் இறுதி ஆட்டத்தை அணி ஜெயித்த அன்றைக்கே, அந்த மூன்றெழுத்து போகும் என்று முதலாளி சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். வெற்றிதான், கை தட்டுங்கள். ஆனால் முழு வெற்றியா? முன்னால் இருந்த எழுத்துப் போய், பின்னால் 'சூப்பர் ஜயண்ட்' வந்து உட்கார்ந்தது. அது அதே முதலாளியின் லக்னோ கிரிக்கெட் அணிக்கு வைத்த பெயர்! 80 சதவிகிதம் இருந்த இடத்திலேயே இருந்தது. போராடினால் பெயரைக் கொஞ்சம் மீட்கலாம். உரிமை எழுத்தில் இல்லாவிட்டால் மீட்டதும் அரைகுறையாகவே இருக்கும் என்று இதிலே தெரிகிறது.

ஈஸ்ட் பெங்கால் கதை இன்னும் கசப்பானது. 2020 செப்டம்பரில் ஸ்ரீ சிமெண்ட் கம்பெனி பணம் போட முன்வந்தது. முதல் ஒப்பந்தம் ஆயிற்று. கடைசி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கிளப் நிர்வாகிகள் மறுத்தார்கள். 'போட்டால் கிளப்பே கைமாறிப் போகும், உறுப்பினர் உரிமை பறிபோகும்' என்றார்கள். 'போடாவிட்டால் பணமில்லை' என்றது கம்பெனி. 2021 ஜூலை 21 அன்று ரசிகர்கள் கிளப் வாசலில் திரண்டார்கள். ஒரு பகுதியினர் 'கையெழுத்துப் போடு, அணி ஆடவேண்டும்' என்றார்கள். இன்னொரு பகுதியினர் நிர்வாகிகளுக்கு ஆதரவாக நின்றார்கள். ரசிகனும் ரசிகனும் மோதிக்கொண்டான். போலீஸ் தடியடி நடத்தியது.

நிர்வாகிகள் பக்கமே நியாயம் முழுவதும் இருந்தது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியை எதிர்க்கிறவர்கள் எல்லாம் ஜனங்களின் பக்கம் நிற்பவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்பந்தத்தின் ஷரத்துக்களைப் பொதுக்கூட்டம் போட்டுப் படித்துக் காட்டி, ரசிகர்களின் ஓட்டை எடுத்திருந்தால் அன்றைக்கு மண்டை உடைந்திருக்குமா? முதல் மந்திரி தலையிட்டு அந்த வருஷம் அணி ஆடியது. 2022 ஏப்ரலில் சிமெண்ட் கம்பெனி விலகியது. சில மாதத்தில் எமாமி என்ற வேறொரு கம்பெனி வந்தது. கம்பெனி வரும், போகும். அடிபட்டவன் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான்.

பக்கத்துக் கேரளத்தில் 'மஞ்ஞப்படை' என்ற ரசிகர் ஸ்தாபனம் இருக்கிறது. 2025 ஜனவரியில் கேரள பிளாஸ்டர்ஸ் நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்து அவர்கள் கொச்சியில் போராடினார்கள். 'இனி நாங்கள் டிக்கட் விற்றுத் தரமாட்டோம்' என்று அறிவித்தார்கள். ரசிகனின் வேலைநிறுத்தம் என்றால் அதுதான்.

முதலாளியும் வேலைநிறுத்தம் செய்வான், தெரியுமா? நாம் அதைக் கதவடைப்பு என்போம். போட்டியை நடத்தும் உரிமையை 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு 2010இல் குத்தகை விட்டிருந்தார்கள். குத்தகை முடிகிற சமயம், 2025 ஜூலையில், போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டது. பெங்களூர் கிளப் சம்பளத்தை நிறுத்தியது. நம் பக்கத்துச் சென்னையின் கிளப் வேலைகளை நிறுத்தி வைத்தது. பெரிய ஆட்டக்காரனாவது சமாளிப்பான். புல் வெட்டுகிறவனும் துணி துவைக்கிறவனும் அடுத்த மாத அரிசிக்கு எங்கே போவான்? குத்தகைச் சண்டையில் முதலில் பட்டினி கிடப்பவன் கூலிக்காரன் என்பதைப் பாகூர் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அயல்நாட்டில் என்ன நடந்தது? 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகளின் நிர்வாகங்கள், சின்னக் கிளப்புகளைக் கழற்றிவிட்டுத் தங்களுக்கென்று தனிப் போட்டி ஒன்றை அறிவித்தன. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். லண்டனில் செல்ஸி மைதானத்து வாசலில் வண்டியை மறித்தார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் பின்வாங்கின. அதே வருஷம் மே 2 அன்று மான்செஸ்டர் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்தார்கள். லிவர்பூலுடன் நடக்க இருந்த ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஏன் அவ்வளவு கோபம்? 2005இல் அந்தக் கிளப்பை வாங்கிய அமெரிக்க கிளேசர் குடும்பம், பெரும் பகுதி கடன் வாங்கித்தான் வாங்கியது. அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. மில்லை வாங்கக் கடன் வாங்கி, அந்த வட்டியை மில்லின் வருமானத்திலேயே கட்டினால் எப்படி? அதே கணக்குத்தான். அன்றைக்கே ஒரு கூட்டம் ரசிகர்கள் வெளியேறி, ஆளுக்கு ஓர் ஓட்டு என்று தங்கள் சொந்தக் கிளப்பை ஆரம்பித்தார்கள். சின்னக் கிளப்தான். ஆனால் அவர்களுடையது.

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி. கிளப்பின் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். சில கிளப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனாலும் விதி விதிதான். 2024இல் வெளி முதலீட்டாளரை லீக்கில் நுழைக்கப் பார்த்தபோது ரசிகர்கள் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரி 21 அன்று பேரம் கைவிடப்பட்டது. ஒருவர் தலையும் உடையாமல், ஒரு கூடைப் பந்தில் காரியம் முடிந்தது!

விதி ஒன்றே போதுமா? போதாது. அந்த 12 கிளப்புகளில் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உறுப்பினர்களுக்கே சொந்தமானவை. அவைதான் கடைசிவரை பிடிவாதமாக நின்றன. எழுதிய உரிமையும் வேண்டும், விழித்திருக்கும் உறுப்பினனும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வண்டி குடைசாயும்.

'பணம் போட்டவன் நான், நஷ்டம் என்னுடையது, நீ யார் கேட்க?' என்கிறான் முதலாளி. பணம் போட்டது உண்மை. ஆனால் அவன் வாங்கியது என்ன? பந்தும் சட்டையுமா? அதை எந்தக் கடையிலும் வாங்கலாமே! அவன் வாங்கியது பெயரை. அந்தப் பெயருக்கு விலை ஏற்றியது மூன்று தலைமுறை ரசிகன். வரப்பில் கால் வைக்காதவன் பத்திரத்தைக் காட்டி 'நிலம் என்னுடையது' என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நம் லாஸ்பேட்டைப் பையன்களின் அணி ஒன்றிடம் மனை வியாபாரி ஒருவர் வந்திருக்கிறார். பூட்ஸ், சட்டை, பந்து, பஸ் செலவு எல்லாம் தருகிறாராம். அணிக்கு அவர் கம்பெனிப் பெயரை வைக்க வேண்டுமாம். 'என்ன செய்யலாம், அண்ணே?' என்று பையன்கள் என்னைக் கேட்டார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரோடு ஒருவர் பேசுவதும் இல்லையாம். கல்கத்தா சண்டை நம் தெருவுக்கும் வந்துவிட்டது!

தம்பிகளே, பணத்தை வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன். 1911இல் வெறுங்காலோடு ஆடியது பெருமைதான். அதற்காக உங்கள் காலில் கண்ணாடி குத்த வேண்டும் என்று எந்தச் சித்தாந்தமும் சொல்லவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் காகிதத்தில் எழுதுங்கள். ஒன்று: பெயரும் நிறமும் விற்பனைக்கு இல்லை. சட்டையின் முதுகில் அவர் கடைப் பெயர் இருக்கட்டும், அதுவே போதும். இரண்டு: வந்த காசு, போன காசு மாதம் ஒருமுறை எல்லோர் முன்பும் படிக்கப்பட வேண்டும். மூன்று: எந்த மாற்றமும், ஆடுகிறவனும் கரையில் நின்று கத்துகிறவனும் கூடிய கூட்டத்தில் ஓட்டெடுத்த பிறகே. சம்மதமானால் அவர் நல்ல மனிதர், மாலை போடுங்கள். சம்மதம் இல்லையென்றால் அவர் வாங்க வந்தது பந்தாட்டத்தை அல்ல, உங்களை.

இந்த நிபந்தனைகளை இன்றைக்கே கேளுங்கள். காசு கை மாறிய பிறகு கேட்டால் பிச்சை. முன்னால் கேட்டால் பேரம். முதலில் இரண்டு கட்சியும் ஒரே பாயில் உட்காருங்கள்.

பெரியவரே! 1936 ஜூலை 30 அன்று இந்தப் புதுச்சேரியில் பன்னிரண்டு மில் தொழிலாளர்கள் துப்பாக்கிக்கு மார்பு காட்டி மடிந்தார்கள். அவர்கள் கேட்டதும் இதைத்தான்: எங்கள் உழைப்பால் ஓடும் இடத்தில் எங்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு வேண்டும். அந்த இடம் மில்லாக இருந்தாலும், வயலாக இருந்தாலும், பந்தாடும் மைதானமாக இருந்தாலும் கேள்வி ஒன்றே. கேட்கப் பழகியவன் எங்கேயும் கேட்பான். மைதானத்தில் வாய்மூடப் பழகியவன் மில்லிலும் மூடிக்கொள்வான்.

ஆகவே நம் பையன்கள் முதலில் தங்கள் பந்துக்குக் கணக்குக் கேட்கப் பழகட்டும்.