சுவைக்கக் கற்றல் – ஒரு மாணவியின் எண்ணங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாகத் தளராமல் கூடித் தமிழ் பேசிவரும் இவ்வட்டத்தின் விழாவில் 'கலை நுகர்ச்சி' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணித்தார்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டம் சங்கப் பாடல்களை ஆராய்ந்ததற்காகக் கிடைத்தது. கலையைக் கண்டு சுவைப்பதில் நான் இன்றும் மாணவிதான். ஆகவே, மாணவி ஒருத்தி தான் கற்றதை ஆசிரியர்முன் ஒப்புவிப்பதாகவே இவ்வுரையைக் கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தமிழக வரலாறும் பண்பாடும் என்னும் பாடத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்தினேன். ஆண்டுதோறும் மண்டகப்பட்டைப் பற்றிச் சொன்னேன். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி, நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் அது. அதன் பெயர் இலக்ஷிதாயதனம். அவ்வரசன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன். இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்வேன், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் ஐந்து மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்த மண்டகப்பட்டு விழுப்புரத்திலிருந்து செஞ்சிச் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்த் தொலைவில் இருந்தும், நான் ஒரு முறையேனும் அங்கே சென்றதில்லை!

ஒரு நாள், அப்பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து கேட்டாள்: "அம்மா, அங்க வாசல்ல நிக்கிறாங்களே ரெண்டு பேரு, அவங்க கோவமா நிக்கிறாங்களா, சும்மா நிக்கிறாங்களா?" எனக்கு விடை தெரியவில்லை. பாடநூலில் அக்கேள்வி இல்லை. "வாயிற்காவலர் என்று எழுதிக்கொள்" என்று சொல்லி அமர்த்தினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆடு மேய்க்கப் போன இடத்தில் அவள் கண்டதை, முனைவர் பட்டம் பெற்ற நான் காணவில்லை.

அடுத்த மாதமே வகுப்பு மாணவரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் எங்களுடன் வர இசைந்தார். பாறைமுன் நின்றதும் நான் வழக்கம்போல் உரையைத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். "அரை மணி நேரம் யாரும் பேச வேண்டாம். எல்லாரும் வரையுங்கள். அம்மா, நீங்களும்தான்" என்றார். வேறு வழியின்றி நானும் தாளும் பென்சிலுமாகத் தரையில் அமர்ந்தேன்.

நான் தூணை வரைந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நடுப்பகுதியை உருண்டையாகப் போட்டிருக்கிறீர்களே, மறுபடியும் பாருங்கள்" என்றார். எழுந்து அருகில் சென்று எண்ணினேன். எட்டுப் பட்டைகள்! மேலும் கீழும் சதுரம், நடுவே எண்பட்டை என்று எத்தனையோ முறை வகுப்பில் சொன்னவள் நான். சொன்ன வாய்க்குத் தெரிந்தது, பார்த்த கண்ணுக்குத் தெரியவில்லை. கலை நுகர்ச்சியில் நான் கற்ற முதற்பாடம் இதுவே. பெயர் தெரிந்துவிட்டால் பொருள் தெரிந்துவிட்டதாக நாம் மயங்கிவிடுகிறோம்.

இரண்டாம் பாடமும் அத்தூணே தந்தது. தூணின் தலையில் போதிகையும் அதன்மேல் உத்திரமும் செதுக்கப்பட்டுள்ளன. குடைந்தெடுத்த பாறைக்குள் உத்திரம் எதற்கு? அங்கே தாங்கவேண்டிய கூரை தனியாக இல்லை, மலையே கூரை. மரத்தால் கட்டிப் பழகிய கைகள் கல்லிலும் மரவேலையையே நினைத்துக்கொண்டன. 'மரம் இன்றி எடுத்தேன்' என்று கல்வெட்டு பெருமிதம் கொள்கிறது. அதே கோயிலின் தூண்கள் மரத்தை மறக்க முடியாமல் நிற்கின்றன. அரசன் சொன்னதையும் சிற்பி செய்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரு புது ஊடகத்திற்குள் மனிதன் அடியெடுத்து வைக்கும் தயக்கம் எனக்குப் புலப்பட்டது. பின்னர்த் தளவானூர்க் குடைவரையில் மகர தோரணத்தைக் கண்டபோது, அக்கை தயக்கம் நீங்கி அணிசெய்யத் துணிந்துவிட்டதாகத் தோன்றியது.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருகிறேன். முகப்பின் இரு கோடிகளிலும் நிற்கும் காவலரை நெடுநேரம் பார்த்தோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சினமே என்றனர் சிலர், அமைதியே என்றனர் சிலர். அப்போது எனக்குத் தொல்காப்பியர் நினைவுக்கு வந்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டென்பார் அவர். பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கினால் பிறக்கும் என்பதும் அவர் வகுத்ததே. "இது வெகுளி அன்று, தறுகண்மையால் வந்த பெருமிதம்" என்றேன். அம்மாணவி சற்று நேரம் நோக்கிவிட்டு, "ஆமாம்மா, அடிக்க மாட்டாங்க, ஆனா உள்ள விடவும் மாட்டாங்க" என்றாள். மெய்ப்பாட்டியலுக்கு அவ்வளவு தெளிவான உரையை நான் எந்நூலிலும் படித்ததில்லை.

கலையைக் காணும் பயிற்சி நமக்குப் புதிதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. அங்கே வந்தவர்கள் சுவரோவியங்களைச் சுட்டி வினவுகிறார்கள். உடன் வந்தவர்கள் விளக்குகிறார்கள். இவர் காமனும் இரதியும், பூனை வடிவில் இந்திரன், இவள் அகலிகை, இவர் கௌதமன் என்று உரையாடல் நிகழ்கிறது. நப்பண்ணனார் பாடிய அப்பாட்டைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அது ஒரு கலை நுகர்ச்சி வகுப்பு என்பது மண்டகப்பட்டுப் பாறையில் அமர்ந்த பிறகே எனக்கு உறைத்தது. கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்து நின்று பார்க்கும் வகுப்பு அது.

படித்தவர்க்கே உரிய திறனும் அன்று இது. என் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். ஆயா பாயில் சாய்ந்து கண்ணயர்ந்திருப்பார். திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் வேடம் பாடத் தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை, "கிரீடம் கட்டிட்டா கர்ணனா? தோள் எடுக்கலையே" என்று சலித்துக்கொண்டு மீண்டும் படுத்துவிட்டார். அன்று சிரித்தேன். வேடத்தையும் மெய்ப்பாட்டையும் பிரித்தறிந்த தேர்ந்த திறனாய்வு அது என்பதை இன்று உணர்கிறேன்.

இறுதியாகப் பனைமலை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் துணைச் சிற்றாலயம் ஒன்றின் சுவரில் உமையம்மையின் ஓவியம் இருக்கிறது. தலைக்குமேல் குடை, மணிமுடி, ஒரு காலை மடித்து ஒசிந்து நிற்கும் கோலம். ஆடுகின்ற சிவபெருமானைக் கண்டு நிற்கும் தோற்றம் என்று அறிஞர் கொள்வர். ஆடும் பெருமானின் ஓவியம் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. பார்க்கின்றவள் மட்டும் எஞ்சியிருக்கிறாள், அவளும் மங்கிவருகிறாள். ஆடல் மறைந்தபின்னும் அதைச் சுவைத்த முகம் நிலைத்திருக்கிறது என்பதே அங்கு என் நெஞ்சைத் தொட்டது. அம்முகத்தைப் பார்த்துத்தான் அங்கே ஓர் ஆடல் இருந்தது என நாம் அறிகிறோம்.

அன்று திரும்பும் பேருந்தில் ஒரு மாணவன் என் அருகில் வந்து நின்றான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, எட்டாவது படிக்கும்போது ஒரு மலைக்கோயில் சுவத்துல ஆணியால என் பேரைக் கிறுக்கினேன். இப்ப அழிக்க முடியுமா?" என்று கேட்டான். முடியாது என்றேன். தலைகுனிந்து சென்றான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆணியோடு அவன் சென்ற நாளில், 'இதைப் பார்' என்று உடன் நின்று காட்ட ஒருவரும் இல்லை. இருந்திருக்க வேண்டியவர்கள் என்னைப் போன்ற ஆசிரியர்களே. நாங்கள் ஐந்து மதிப்பெண் விடையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அவையோரே! புதுச்சேரியில் ஆசிரியப் பணிபுரிந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரெய் பல்லவர் கலையைத் தேடித் தேடி ஆராய்ந்து நூல்கள் எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்னும் நூலைத் தந்து தமிழில் வழிகாட்டினார். அத்தகையோர் ஆராய்ந்த செல்வம் நம் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. இவ்வட்டத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. பதினோராம் ஆண்டில், மூன்று திங்களுக்கு ஒரு கூட்டத்தையேனும் இம்மண்டபத்தை விட்டு மண்டகப்பட்டிலோ தளவானூரிலோ பனைமலையிலோ நடத்துங்கள். அங்கே உரையாளர் வேண்டா. தாளும் பென்சிலும் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முதல் வரிசையில் அமர்த்துங்கள். அவர்கள் கையில் பென்சில் இருக்குமானால், ஆணி எடுக்கத் தோன்றாது.

நானும் வருகிறேன். தூணின் பட்டைகளை இன்னும் சரியாக வரையவில்லை.