நீர் தொட்ட பலகையின் குரல்



குழாயடியில் குடம் நிரம்பும்போது எழும் ஒலி வரவர உயரும். நிரம்பிய குடத்தின் விலாவைத் தட்டினாலோ, வெறுங்குடத்தினும் தாழ்ந்த ஒலியே எழும். முன்னது குடத்துள் குறுகிவரும் காற்றின் குரல். பின்னது உலோகச் சுவரின் குரல். சுவர் அதிருங்கால் தன்னை ஒட்டிய நீரையும் அசைத்தாக வேண்டும். அச்சுமையால் துடிப்பு மந்தமாகிறது. ஜலதரங்கக் கலைஞர் பீங்கான் கிண்ணத்தில் சிறிது நீர் வார்த்துச் சுருதியைத் தாழ்த்துவதும் இதனாலேயே. 'நீர் பாடுகிறது' என்றெழுதும் கவிஞர்கள் பொறுத்தருள்க. பாடுவது கிண்ணம், நீர் அதன்மேல் ஏறிய சுமை.

செஞ்சி மலைகளுக்கு அருகே, கடல் காணாத அனந்தபுரத்தில் கப்பலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். குடத்தில் நீர் உள்ளே; கப்பலில் வெளியே. வேறுபாடு அவ்வளவே.

தூத்துக்குடித் தோணியின் பலகைகளுக்கு உட்புறம் வங்குகள் விலாவெலும்பெனத் தாங்கி நிற்கும். இரும்புக் கப்பலின் தகட்டிலும் அவ்வாறே சட்டங்களைப் பற்றவைப்பர். சென்னைக் கடற்கரையின் பழைய மசூலாப் படகுக்கு வங்கே இல்லை. கயிற்றால் தைத்த அதன் பலகைகள் அலைக்கு நெகிழ்ந்து கொடுத்தன.

எந்திரத்தின் அதிர்வு தகட்டில் அலையாக ஓடுகிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டரும் நீரில் 1,500 மீட்டரும் செல்லும். தகட்டலை அதனினும் மெதுவாக ஓடினால், மேட்டருகே நெருக்குண்ட நீர் பள்ளத்தின் பக்கம் நகர்ந்துவிடும். ஒலி தொலைவுக்குப் போகாது. 10 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் இந்நிலை காற்றில் ஏறத்தாழ 1,200 துடிப்பு வரையே நிலவும்; நீரிலோ 20,000 துடிப்புக்கும் மேலே நீளும். அங்ஙனமாயின் கப்பல் பெரும்பாலும் ஊமையாக இருந்திருக்க வேண்டும். வங்குதான் காட்டிக்கொடுக்கிறது. அதில் மோதும் அலை முறிகிறது. மேட்டுக்கு இணையான பள்ளம் அங்கே தவறிப்போகிறது. அவ்விடத்திலிருந்து ஒலி கடலுள் கசிகிறது. வலிமை தந்த எலும்பே வாயாகவும் ஆயிற்று.

கடலடியை மௌனமென்று பாடும் வழக்கம் கவியரங்குகளில் இன்னும் நீங்கவில்லை. ஒளி மங்கும் அவ்வுலகில் உயிர்கள் செவியால் வாழ்கின்றன. கடற்பசு கீச்சிட்டுத் தன் கன்றோடு உறவாடும். அதற்கெனப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் காப்பகமாக்கியது. கப்பலோசையைக் குறைக்கப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2014இல் நெறிமுறைகள் வகுத்து, 2023இல் திருத்தியது. அவை பரிந்துரைகளே, எந்தக் கப்பலையும் அவை கட்டுப்படுத்துவதில்லை.