முதுகெலும்பு முறிந்தவருக்கு முழு நஷ்டஈடு!
(தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் இங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். மில்லில் ஏணி சரிந்து விழுந்தாலும், கிணறு தோண்டும்போது மண் சரிந்து அமுக்கினாலும், தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்தாலும் முறிவது அதே முதுகெலும்புதான். அதற்குள் ஓடுகிற தண்டுவடம் நசுங்கினால் அதற்குக் கீழே உணர்ச்சி போகிறது. கால் அசைவதில்லை. சிறுநீரும் மலமும் நம் வசத்தில் இருப்பதில்லை. இப்படி விழுந்தவருக்கு நியாயமான நஷ்டஈடு வாங்குவது எப்படி? அதைத்தான் இன்று பேசுகிறோம்.

வேலையில் அடிபட்டால் முதலாளி பணம் கட்ட வேண்டும் என்ற சட்டம் 1923-ல் வந்தது. 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் கணக்குப் போடும் முறை அதேதான்.

அந்தச் சட்டத்தில் காயங்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. இரண்டு கையும் போனால் 100 சதம். கட்டைவிரல் போனால் 30 சதம். தண்டுவடம் நசுங்கினால் எத்தனை சதம்? அட்டவணையில் தேடிப் பாருங்கள், கிடைக்காது! பெரும்பாலும் வெட்டுப்பட்ட உறுப்பை எண்ணுகிற அட்டவணை அது. நம் தோழருக்கோ இரண்டு காலும் உடம்பில்தான் இருக்கின்றன. நடக்கத்தான் முடியாது.

முதலாளியின் வக்கீல் இங்கேதான் நுழைகிறார். "கை கால் முழுசாக இருக்கிறதே! 40 சதம் போதும்" என்கிறார். அந்த ஓர் எண்ணில் என்ன இருக்கிறது? கணக்குப் பார்ப்போம். வயது 30, மாதக் கூலி 10,000 ரூபாய். முழு ஊனத்துக்குக் கூலியில் 60 சதம், அதாவது 6,000. இதை அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கினால் 12,47,880 ரூபாய். 40 சதம் என்று எழுதிவிட்டால் 4,99,152 ரூபாய்தான். ஒரு சர்டிபிகேட்டில் ஏறுகிற ஓர் எண்ணால் 7,48,728 ரூபாய் அந்தக் குடும்பத்தின் கையை விட்டுப் போகிறது!

இதற்கு நம் பதில் என்ன? விபத்துக்கு முன் செய்யத் தெரிந்த எந்த வேலையும் இனிச் செய்ய முடியாது என்றால் அது முழு ஊனம் என்று சட்டமே சொல்கிறது. அளக்க வேண்டியது உடம்பை அல்ல, சம்பாதிக்கும் சக்தியை. 1969-ல் ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை செய்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கைதானே, பகுதி ஊனம்தான் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியுமா? முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று 1975 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பணம் கட்டும் கடமை விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது என்றும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதம் வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் பாக்கியில் பாதி வரை அபராதம்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியதைக் கவனியுங்கள்.

விழுந்தவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். உடம்பு வளையாமல் பலகையில் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலையில் விழுந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். பார்த்தவர்களின் பெயரை அன்றே குறித்து வையுங்கள். முதலாளிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள். பழைய சட்டம் மனுப் போட இரண்டு ஆண்டுதான் தவணை கொடுத்தது. நாள் கடத்தாமல் உடனே போடுங்கள். கூலிக்கு அத்தாட்சி தேடி வையுங்கள். ஊனம் எவ்வளவு என்பதோடு சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்பதையும் டாக்டர் எழுத வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்! "அவன் என் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்" என்று மில்காரர் சொன்னாலும் தப்ப முடியாது. கான்ட்ராக்டர் மூலம் தன் தொழிலைச் செய்வித்தவரிடமும் கேட்கலாம்.

ஈ.எஸ்.ஐ.யில் பதிந்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் முதலாளியிடம் இந்த நஷ்டஈடு கேட்க முடியாது. முழு ஊனமென்றால் சராசரிக் கூலியில் 90 சதம், ஆயுள் முழுதும் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. தர வேண்டும். அங்கேயும் சண்டை சதவீதத்தில்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். படுத்தவருக்குப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது யார்? மனைவி, தாய், மகள். அவர்களுக்கும் வேலை போகிறது, கூலி போகிறது. இந்தச் சட்டத்தின் கணக்கில் அந்தக் கூலிக்கு இடமே இல்லை. அதனால்தான் சட்டம் தருவதில் ஒரு ரூபாயையும் விடக்கூடாது என்கிறோம்.

படுக்கையில் கிடப்பவரால் ஆபீசுக்கு நடக்க முடியாது. சங்கம் அவருக்காக நடக்க வேண்டும். உங்கள் ஊரில் இப்படிப் படுத்திருக்கும் தோழர் யார்? நாளைக்கே அவர் வீட்டுக்குப் போய் சீட்டுகளை எடுத்து வாருங்கள். மனு எழுதுவோம்!